எகிறு வீக்கத்தில் இன்னொரு கை

"பல்லைச் சுத்தம் பண்ணினா ஆட ஆரம்பிச்சிரும்." ஆலங்குளம், வெம்பக்கோட்டைப் பக்கம் பல் மருத்துவரிடம் போகாமலிருக்கப் பலருக்கு இந்த ஒரு காரணம் போதும். நடப்பது வேறு. பல்லைத் தாங்கும் எலும்பு எப்போதோ கரைந்திருக்கும். இடுக்கில் இறுகிய காரைதான் பக்கத்துப் பல்லோடு பிடித்துவைத்திருக்கும். காரையை எடுத்ததும் குட்டு வெளிப்படும். பழி மருத்துவர் மேல்.

எலும்பு கரைவது எதனால்? பாக்டீரியாவால் என்பது பழைய விடை. பல்லுக்கும் எகிறுக்கும் (ஈறு) நடுவிலுள்ள பள்ளம் நல்ல வாயில் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அது ஆழமாகிப் பையானால், காற்றில்லாத அந்த இடத்தில் போர்பைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் குடியேறும். சரி, ஆனால் எகிறு ஒரு வாரம் வீங்கிச் சீழ் வடிந்துவிட்டு மாதக்கணக்கில் அடங்கிக் கிடப்பது ஏன்?

1990களின் நடுவில், அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் யோர்கன் ஸ்லாட்ஸ், அடோல்போ கான்ட்ரெராஸ் இருவரும் அந்தப் பைகளில் வைரஸ்களைத் தேடினார்கள். எப்ஸ்டைன்-பார், சைட்டோமெகலோ இரண்டும் அகப்பட்டன. அக்கி தரும் வைரஸுக்குப் பங்காளிகள். எப்ஸ்டைன்-பார் பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் உடம்பில், எச்சில் வழியே நுழைந்து, வெள்ளணுக்களுக்குள் உறங்குகிறது.

அதை எழுப்பக்கூடியது ஜிஞ்சிவாலிஸ் கழிக்கும் பியூட்டிரிக் அமிலம். ஊசிப்போன வெண்ணெயில் மூக்கைத் துளைக்குமே, அதேதான். வைரஸின் மரபணுக்களைப் பூட்டிவைக்கும் நொதியை அது முடக்குவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆய்வகச் செல்களில் காட்டினார்கள். விழித்த வைரஸ் காவல் அணுக்களைக் கெடுக்க, பாக்டீரியா இன்னும் பெருகுகிறது என்கிறார் ஸ்லாட்ஸ். வாய்க்குள்ளும் இதே வரிசைதானா, வீக்கத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்களோடு வைரஸ் சும்மா தொற்றிக்கொண்டு வந்ததா என்ற வழக்கு தீரவில்லை. விட்டுவிட்டு வரும் வீக்கத்துக்கு ஸ்லாட்ஸ் சொல்வது பொருந்துவதால் என் சாய்வு அவர் பக்கம்.

கிருமிகளோடு புகையிலையும் சேர்கிறது. இந்தப் பக்கத்துப் பட்டாசு ஆலைக்குள் பீடிக்கு இடமில்லை. சிலர் புகையிலையைக் கன்னத்தில் அடக்குகிறார்கள். அடக்கிய இடத்தில் எகிறு விலகி வேர் தெரியும். வெளியே வந்து பிடிக்கும் பீடி ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும் என்பதால் நோய் இருப்பதே தெரியாது.

இதற்கென வைரஸ் மாத்திரை தேட வேண்டியதில்லை. பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் வீக்கம் வடியும், வைரஸும் குறைவதாகச் சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஆடுகிற பல்லை மெல்லிய கம்பியால் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டுவார்கள். காரை பார்த்துவந்த வேலையை அந்தக் கம்பி பார்க்கும்.