நாற்பதில் ஓய்வு, அதன் பிறகு?

ஜூலை 14 வந்தால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், பிரெஞ்சுப் போர் நினைவிடத்தின் முன் பதக்கம் அணிந்த முதியவர்கள் கூடுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றித் திரும்பிய தமிழர்கள் இவர்கள். ஊர் வழக்கில் ‘சொல்தா’.

1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை இந்தியாவுடன் இணைக்கும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, சில ஆயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குடும்பங்களிலிருந்து பலர் ராணுவத்துக்குப் போனார்கள். அங்கே சிப்பாய்க்கு 15 ஆண்டுப் பணியே ஓய்வூதியத்துக்குப் போதுமானதாக இருந்தது. அதனால் நாற்பது வயதுக்குள்ளேயே ஊர் திரும்ப முடிந்தது. புதுச்சேரி அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 60.

பணம் மாதந்தோறும் வந்துவிடும். பொழுது?

அதற்கு ஊரே வழி வைத்திருக்கிறது. 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்க் ஆட்டத்தில் வயது தடையில்லை. மாலையில் வாகனப் போக்குவரத்து தடைசெய்யப்படும் கடற்கரைச் சாலையில் அச்சமின்றி நடக்கலாம்.

ஓய்வு நாளைக் குறிக்கும் முன் மூன்றைப் பாருங்கள்: கடன் தீர்ந்ததா, மருத்துவச் செலவுக்குத் தனிச் சேமிப்பு உண்டா, தினமும் பேச நான்கு பேர் இருக்கிறார்களா? மூன்றாவதை வேலையில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள்.