சாப்பிட்ட பிறகுதான் சோப்பா?

வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் கைகழுவும் இடத்துக்கு அருகில் உட்கார்ந்து பத்து நிமிடம் வேடிக்கை பாருங்கள், மாணவர்களே. உள்ளே வருகிறவர் குழாயைத் திறப்பார், விரல் நுனியை நனைப்பார், உதறிவிட்டு இலையின் முன் அமர்வார். சாப்பிட்டு எழுந்தவரோ சோப்பைத் தேடுவார், இரண்டு முறை தேய்ப்பார், கையை முகர்ந்துகூடப் பார்ப்பார். மீன்கறி வாசம் போக வேண்டுமே! மலாக்கா நகரிலும் ஆயர் குரோவிலும் ஜாசினிலும் நான் பார்த்தவரை இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

கிருமி வயிற்றுக்குள் போவதைத் தடுப்பது முதலில் கழுவும் கழுவல்தான். இரண்டாவது எண்ணெய்ப் பிசுக்குக்கும் வாசத்துக்கும். நாம் சோப்பைச் செலவழிப்பது இரண்டாவதற்கு. கையால் உண்ணும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. கடையின் கரண்டியை யார் எப்படிக் கழுவினார் என்று நமக்குத் தெரியாது; நம் கையை நாமே கழுவிக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது பற்றி எனக்கு ஓர் ஊகம் உண்டு. 1896-இல் டான் சே யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டதிலிருந்து இந்த மாநிலத்தில் தோட்டங்கள் பெருகின. நம்மவர்களில் பலரின் குடும்பக் கதை அந்த மரங்களுக்கு இடையில்தான் தொடங்குகிறது. என் பாட்டியும் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து முடிக்கும்போது விரல்களில் பால் காய்ந்து இன்னொரு தோல்போல ஒட்டியிருக்குமாம். அதை உரித்து, தேய்த்து, கழுவிய பிறகுதான் தூக்குச்சட்டியைத் திறப்பாராம். அந்தக் கையின் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இன்று நாம் தொடுவது கைத்தொலைபேசித் திரை, பேருந்துக் கம்பி, வகுப்பறைக் கதவுப் பிடி. கை பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதனால் ஒரு துளி தண்ணீரே போதும் என்று தோன்றிவிடுகிறது.

அது போதாது என்பதை எங்கள் குடும்பத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒருத்தி ஐந்து நாள் அனுபவித்தாள். என் அக்காள் மகள் அவள். முதல் நாள் காய்ச்சல். மறுநாள் உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள், வாய்க்குள் புண்கள். பசியால் அழுவாள், பால் புட்டியை வாயில் வைத்தால் வலியால் இன்னும் அழுவாள். கிளினிக்கில் மருத்துவர் சொன்னது ஒன்றுதான்: இதற்கென்று தனி மருந்து இல்லை, உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேக்கரண்டி தேக்கரண்டியாக இரவெல்லாம் தண்ணீர் ஊட்டினாள் அக்காள். கை, கால், வாய்ப்புண் நோய் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் நோய் அது.

பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரம், பத்து நாளில் தேறிவிடுகிறார்கள். ஆனால் 1997-இல் சரவாக்கில் இந்நோய் பரவியபோது ஏறக்குறைய 30 குழந்தைகள் இறந்தனர். எண்டெரோவைரஸ் 71 என்ற வகை மூளையையும் பாதிக்கக்கூடியது. 2018-இலும் 2022-இலும் நாடு முழுவதும் இந்நோய் மறுபடி பெருகியது. நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இந்தக் கிருமி பெரியவர்களுக்குள் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கிவிட்டுப் போகலாம். குணமான குழந்தையின் மலத்தில் பல வாரங்கள்வரை வெளியேறிக்கொண்டிருக்கும். புள்ளி மறைந்த பின்பும் டயாப்பர் மாற்றிய கையைச் சோப்பால் கழுவித்தான் ஆக வேண்டும். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, தம்பி தங்கையைத் தூக்கிக் கொஞ்சி, கையால் ஒரு வாய் ஊட்டிவிடும் அண்ணன், அக்காள் நீங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. குழந்தைக்கு ஆகலாம்.

“என்னிடம் கைத்தூய்மி இருக்கிறதே” என்பீர்கள். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதிலிருந்து அந்தச் சிறு புட்டி நம் பையை விட்டு இறங்கவில்லை. கோவிட் கிருமிக்கும் சளிக்காய்ச்சல் கிருமிக்கும் அது நன்றாக வேலை செய்தது. காரணம், அந்த வைரஸ்களுக்கு வெளியே கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. ஆல்கஹால் அந்த உறையைக் கரைத்துவிடுகிறது, கிருமி செயலிழக்கிறது. எண்டெரோவைரஸுக்கும், வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸுக்கும் அந்த உறையே கிடையாது. அவற்றிடம் ஆல்கஹாலின் வீரம் வெகுவாகக் குறைந்துவிடும். சோப்பு போட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவி வெளியேற்றுவதே அவற்றுக்குச் சரியான வழி. சோப்பு கிருமியைத் தோலிலிருந்து கழற்றுகிறது, தண்ணீர் அடித்துச் செல்கிறது. அதற்கு நேரம் வேண்டும், குறைந்தது 20 விநாடி. பெருவிரலும் நகக்கண்ணும் விரலிடுக்கும்தான் அதிகம் விடுபடும் இடங்கள். சோறு பிசைவதும் அவற்றால்தான்.

விலையுயர்ந்த ‘கிருமிக்கொல்லி’ சோப்பும் தேவையில்லை. பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடிசைப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. சோப்பு கொடுத்து, கைகழுவும் பழக்கத்தை வாரந்தோறும் வலியுறுத்திய வீடுகளில், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே வயிற்றுப்போக்கு 53 விழுக்காடு குறைந்திருந்தது. 5 வயதுக்குட்பட்டவர்களிடையே நிமோனியா 50 விழுக்காடு குறைந்திருந்தது. கிருமிக்கொல்லி சோப்பு பெற்ற வீடுகளுக்கும் சாதாரண சோப்பு பெற்ற வீடுகளுக்கும் வேறுபாடு இல்லை. அங்கேயும் மக்கள் நம்மைப்போல் கையால் உண்கிறவர்கள்தாம். விளம்பரத்தில் வரும் வெள்ளைக் கோட்டுக்காரரைவிட இந்த ஆய்வை நம்பலாம் என்பது என் கருத்து.

எஸ்.பி.எம். முடித்துவிட்டுச் சாப்பாட்டுக் கடைகளில் பகுதிநேர வேலைக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவைக் கையாளுபவர் பயிற்சி பெற வேண்டும், டைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மேலாளர் கேட்கவில்லை என்றாலும் நீங்கள் கேளுங்கள். நியூயார்க்கில் மேரி மேலன் என்ற சமையற்காரி, தனக்கு எந்த நோயும் தெரியாமலே பல வீடுகளுக்கு டைஃபாய்டைப் பரப்பியது 1907-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆரோக்கியமாகத் தெரிந்த கைகள்தாம் அவருடையவையும்.

இவ்வளவும் சரி, குழாயடியில் சோப்பு எங்கே இருக்கிறது? நான் போன பள்ளிகள் பலவற்றில் சுவரில் அழகான கைகழுவும் படம் இருக்கும், கீழே சோப்பு இருக்காது. வைத்தால் யாரோ எடுத்துப் போய்விடுகிறார்களாம், அல்லது வடிகாலில் விழுந்துவிடுகிறதாம். தண்ணீரும் எப்போதும் நிச்சயமில்லை. 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா பட்ட பாட்டை உங்கள் பெற்றோரிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். செங் சன்னாசிமலை மாசிமகத்தின்போது வழியெங்கும் பந்தல் போட்டு அன்னதானம் செய்கிறோம், அங்கே பெரும்பாலும் ஒரு வாளியும் குவளையும்தான். எல்லாரும் கையை விட்டு அள்ளும் வாளியில் கழுவுவது, கழுவாமல் இருப்பதைவிடப் பெரிதாக மேல் இல்லை. ஒருவர் ஊற்ற, மற்றவர் கழுவ வேண்டும்.

இதற்கு மலிவான வழி ஒன்று வங்காளதேசத்தில் பரிசோதிக்கப்பட்டிருக்கிறது. 1.5 லிட்டர் புட்டி நிறையத் தண்ணீர் எடுத்து, ஏறக்குறைய 30 கிராம் துணி துவைக்கும் பொடியைப் போட்டுக் குலுக்கினால் கைகழுவும் சோப்புநீர் தயார். யாரும் அதைத் திருடிக்கொண்டு போக மாட்டார்கள். மூடியில் சிறு துளை போட்டுப் புட்டியைக் குழாயருகே கயிற்றில் கட்டுங்கள். இன்னொரு புட்டியில் வெறும் தண்ணீர் நிரப்பி அதேபோல் கட்டினால் குழாயே இல்லாத பந்தலிலும் வேலை நடக்கும். நானும் சில ஆறாம் படிவ மாணவர்களும் ஒரு கோயில் அன்னதானத்தில் இப்படி எட்டுப் புட்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டோம். பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பிள்ளைகளைக் கூட்டி வந்து கழுவவைத்தார்கள். துளையைச் சூடாக்கிய ஊசியால் போடுங்கள். பெரிதாகிவிட்டால் புட்டியை வீச வேண்டாம், மூடியை மட்டும் மாற்றினால் போதும்.