அம்மாவின் மூட்டுவலிக்கு மூலிகை மாத்திரை... உண்மையிலேயே பலன் தருமா?

முத்தாலம்மன் திருவிழாவுக்காக திண்டுக்கல் பக்கத்துல இருக்கிற அகரத்துக்குப் போறீங்க. போன வருஷம் வரை ஓடியாடி வேலை பார்த்த அம்மா, இந்த முறை சுவரைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கிறாங்க. 'முட்டி தேஞ்சுபோச்சாம்டா'ங்கிறாங்க. உடனே மொபைல்ல தேடுறீங்க. வரிசையா மூலிகை மாத்திரை விளம்பரங்கள். வாங்கலாமா?

மூட்டில் எலும்புகள் உரசாமல் காப்பது குருத்தெலும்பு. அது தேய்ந்து, வலியும் இறுக்கமும் வருவதுதான் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ். இதற்கான மூலிகைகளில் இரண்டை மட்டும் பார்ப்போம்.

மஞ்சள்

முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் தாய்லாந்தில் நடந்த ஆய்வு, 2014-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு தினமும் 1,500 மி.கி மஞ்சள் சாரம். இன்னொரு பிரிவுக்கு 1,200 மி.கி இபுபுரூஃபன். நான்கு வாரங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வலியைக் குறைத்தன. மஞ்சள் பிரிவில் வயிற்றுத் தொந்தரவும் குறைவு. 'அப்போ மஞ்சள் பால் போதுமே?' போதாது. மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவிகிதம்தான்.

சல்லகி

இது சாம்பிராணி வகை மரப்பிசின். 2003-ல் வெளியான நாக்பூர் ஆய்வில், 30 பேருக்கு எட்டு வாரங்கள் கொடுத்தபோது வலியும் வீக்கமும் குறைந்தன. ஆனால், எக்ஸ்ரேயில் எந்த மாற்றமும் இல்லை. 2014-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்விலும், 100 புள்ளி வலி அளவுகோலில் போலி மாத்திரையைவிட 17 புள்ளிகள் கூடுதலாக வலி குறைந்தது. அந்தக் கணக்கோ வெறும் 85 பேரை வைத்துப் போட்டது.

ஆக, வலி ஓரளவு குறையலாம். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 'தேய்மானமே சரியாகிடும்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

வாங்கும் முன்...

* டப்பாவைத் திருப்பிப் பாருங்க. ஹெல்த் சப்ளிமென்ட் என்றால், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும்.
* அம்மா வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுக்கிறாங்களா? மஞ்சள் சாரம் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம்.
* மஞ்சள் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கு. டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீங்க. அவர் எழுதிய மருந்தையும் நிறுத்தாதீங்க.

முழங்கால் தேய்மானத்துக்கு இவற்றைவிட உறுதியான ஆதாரம் உள்ளவை, தொடைத்தசையை வலுவாக்கும் உடற்பயிற்சியும், எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பதும்தான். பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை அழைச்சுட்டுப் போங்க. ஊர் திரும்பின பிறகு, தினமும் 10 நிமிஷம் வீடியோ கால்ல அம்மாவோட சேர்ந்து நீங்களும் காலை நீட்டி மடக்குங்க. செலவும் இல்லை, அம்மாவுக்குத் துணையும் ஆச்சு!