கையெழுத்துக்கு முன் கையில் ஒரு மாதிரி

ஸ்டீவன் கீட்டிங்குக்குத் தினமும் அரை நிமிடம் போல வினிகர் வாசனை வந்து போனது. பக்கத்தில் வினிகர் எதுவும் இருக்காது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்த கனடாக்காரர் அவர். 2007-இல் ஓர் ஆய்வுக்காகத் தானே முன்வந்து மூளை ஸ்கேனுக்குப் படுத்தபோது, படத்தில் ஓர் இடம் மட்டும் சற்று மாறுபட்டுத் தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். 2010-இல் எடுத்த ஸ்கேனிலும் மாற்றம் இல்லை. ஆனால் அந்த இடம் வாசனையை உணரும் பகுதிக்கு அருகில் இருக்கிறது என்பதை அவர் மறக்கவில்லை. அதனால்தான் 2014-இல் வினிகர் வாசனை தொடங்கியதும் மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டென்னிஸ் பந்து அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. சில வாரங்களில் பாஸ்டன் நகரின் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. பத்து மணி நேரம், நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிற வகை.

கீட்டிங் தன் மருத்துவப் பதிவுகளை ஒன்றுவிடாமல் திரட்டியவர். ஆபரேஷன் வீடியோவைக்கூட வாங்கி வைத்துக்கொண்டார். கட்டியோடு இருந்த தன் மூளையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய ஆராய்ச்சியே த்ரீ-டி அச்சு பற்றியது என்பதால், ஸ்கேன் பதிவுகளைப் பிரிண்டரில் கொடுத்து அச்சிட முயன்றார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் உடம்பை மெல்லிய துண்டுகளாகப் படம் பிடிக்கின்றன. சி.டி.யில் ஒரு துண்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான சாம்பல் நிறப் படங்கள் சேரும். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து, இது கட்டி, இது ரத்தக் குழாய், இது நல்ல திசு என்று யாராவது எல்லை வரைந்து பிரித்தாக வேண்டும். எலும்பு என்றால் சுலபம், சி.டி.யில் பளிச்சென்று தெரியும். மூளை, கல்லீரல் போன்ற மென்மையான உறுப்புகளில் விவரம் தெரிந்தவருக்கே மணிக்கணக்கில் வேலை பிடிக்கும். கம்ப்யூட்டரே பிரிக்கட்டும் என்று விட்டால் ஒன்று கறுப்பு, இல்லை வெள்ளை என்று வெட்டித் தள்ளிவிடும். கட்டி எங்கே முடிந்து நல்ல திசு எங்கே தொடங்குகிறது என்று கலங்கலாகத் தெரியும் இடம்தான் சர்ஜனுக்கு முக்கியமானது. முதலில் காணாமல் போவதும் அதுதான்.

கீட்டிங்கும், ஹார்வர்டின் வீஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வீவர் முதலானோரும் இதற்குக் கண்டுபிடித்த வழி பழையது. செய்தித்தாளில் அச்சான கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் என்று எதுவும் இராது. கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாகவும் விலகியும் விழுந்து கண்ணை ஏமாற்றியிருக்கும். அதே உத்தியை முப்பரிமாணத்தில் செய்தார்கள். எல்லை வரையாமலே, ஸ்கேனில் உள்ள ஒவ்வொரு சாம்பல் படிநிலையும் அச்சிடும் இருவேறு பிசின்களின் நுண்புள்ளிகளாக மாதிரிக்குள் இறங்கியது. ஆய்வுக் கட்டுரை 2018-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 31 வயதில், கீட்டிங் இறந்துபோனார்.

இந்த மாதிரிகளால் சர்ஜனுக்கு என்ன லாபம் என்று விளக்கப் பலர் இருக்கிறார்கள். இடுப்பெலும்பு நொறுங்கியவருக்கு, அவருடைய எலும்பின் மாதிரி மேலேயே வைத்து உலோகத் தகட்டை முன்கூட்டி வளைத்து வைத்துக்கொள்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டரில் நேரம் மிச்சம். 2015-இல் லண்டனில் ஒரு சின்னக் குழந்தைக்கு அப்பாவின் சிறுநீரகத்தைப் பொருத்த வேண்டியிருந்தது. பெரியவரின் சிறுநீரகம் அந்தச் சிறு வயிற்றுக்குள் அடங்குமா என்பதை இரண்டையும் அச்சிட்டு, பொருத்திப் பார்த்தார்கள். நம் பக்கத்தில் கொச்சி அமிர்தா மருத்துவமனையின் குழந்தை இதயநோய்ப் பிரிவு, பிறவியிலேயே சிக்கலாக அமைந்த இதயங்களை அச்சிட்டுத் திட்டமிட்ட அனுபவத்தை 2017-இல் பதிவு செய்திருக்கிறது.

கட்டிலில் படுத்திருப்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? அதைக் கேட்பவர்கள் குறைவு.

நம் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். "இங்க இருக்கு பாருங்க" என்பார். நாம் பார்ப்போம், புகை மண்டலம் தெரியும். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது சார்." வெளியே வந்ததும் நர்ஸைப் பிடித்து, "சிஸ்டர், டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்போம். படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பொறியாளரும் வக்கீலும் இதையேதான் செய்கிறார்கள்.

சிறுநீரகக் கட்டி உள்ள ஏழு நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள்; 2016-இல் வெளியானது. ஒவ்வொருவருக்கும் அவரவர் சிறுநீரகத்தையே அச்சிட்டுக் காட்டி, முன்னும் பின்னும் கேள்விகள் கேட்டார்கள். உறுப்பின் அமைப்பு பற்றிய புரிதல் 50 சதவீதமும், செய்யப்போகும் ஆபரேஷன் பற்றிய புரிதல் 44.6 சதவீதமும் கூடியது. ஏழே பேர் என்பதை மறக்காமல் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

இதற்கு முந்தைய ஆண்டு லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வு பெரியது, சங்கடமானதும்கூட. பிறவி இதயக் குறை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் 97 பேர். ஒரு பகுதியினருக்குத் தங்கள் பிள்ளையின் இதய மாதிரியைக் காட்டி விளக்கினார்கள், மற்றவர்களுக்கு வழக்கம்போல. மாதிரி மிகவும் பயனுள்ளது என்று பெற்றோரும் சொன்னார்கள், மருத்துவர்களும் சொன்னார்கள். ஆனால் கேள்வித்தாள் வைத்துப் பார்த்தால், பெற்றோரின் அறிவு கூடியதாகத் தெரியவில்லை. அவர்கள் எவ்வளவு படித்தவர்கள் என்பதற்கும் அந்த அறிவுக்கும் தொடர்பு இல்லை. மாறியது ஒன்றுதான்: மாதிரியை வைத்துப் பேசிய சந்திப்புகள் சராசரியாக ஐந்து நிமிடம் கூடுதலாக நீண்டன.

எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் பெரிதாகப் படுகிறது. குழந்தையின் இதயத்தில் எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று பரீட்சை எழுதுவதால் பெற்றோருக்கு ஆகப்போவது என்ன? மாதிரி மேசைமேல் இருந்தால் விரல் அதன்மேல் போகிறது. "இந்த ஓட்டையை எப்படி சார் அடைப்பீங்க? துணியா, தையலா?", "இவ்வளவு பக்கத்துல ரத்தக் குழாய் போகுதே, அது அறுந்துட்டா?" என்று கேள்வி வருகிறது. ஃபிலிமைப் பார்த்து இந்தக் கேள்விகள் வருவதில்லை. என்ன கேட்பது என்றே தெரியாதபோது யார்தான் கேட்பார்கள்?

இது சட்டமும் சம்பந்தப்பட்ட விஷயம். சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தந்த தீர்ப்பை ஆபரேஷனுக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது. வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கச் சம்மதித்த ஒரு பெண், மயக்க மருந்தில் இருந்தபோது, வெளியே இருந்த அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அம்மாவின் கையெழுத்து செல்லாது என்றது நீதிமன்றம். என்ன செய்யப்போகிறோம், எதற்காக, என்ன ஆபத்து, மாற்று வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் போதிய அளவு சொல்லி வாங்கியதே உண்மையான சம்மதம் என்றும் சொன்னது. அச்சடித்த படிவத்தில், புள்ளி வைத்த கோட்டின் மேல், தியேட்டர் வாசலில் நின்றுகொண்டு போடுகிற நம் கையெழுத்துகளில் எத்தனை இந்தக் கணக்கில் தேறும்?

இதற்காக எல்லா ஆபரேஷனுக்கும் மாதிரி வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கண்புரைக்கும் ஹெர்னியாவுக்கும் டாக்டர் மேசையில் இருக்கும் பொதுவான பிளாஸ்டிக் பொம்மையே தாராளம். அச்சிடும் பொருளைவிட, எல்லை பிரிக்கும் ஆளின் நேரத்துக்குத்தான் செலவு அதிகம். அதை நோயாளி தலையில் கட்டிவிட்டு விளம்பரப் பலகையில் 'நவீனத் தொழில்நுட்பம்' என்று போட்டுக்கொள்வது எளிது. சிக்கலான பிறவி இதயக் குறை, ரத்தக் குழாய்களை ஒட்டிய கட்டி, முகத்தை மாற்றியமைக்கும் தாடை எலும்பு ஆபரேஷன் போன்றவற்றுக்குத்தான் இது பொருந்தும்.

மாதிரி சொல்லாததும் நிறைய உண்டு. மாதிரியில் தெரியும் சிவப்பும் நீலமும் நாம் பூசியவை. உள்ளே எல்லாம் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. ஸ்கேன் எடுத்த நாளின் நிலையை அது காட்டும். ஒரு மாதம் தள்ளிப்போனால் கட்டி வளர்ந்திருக்கலாம். ரத்தம் எவ்வளவு போகும், எத்தனை நாளில் எழுந்து நடக்கலாம் என்பதெல்லாம் பிசினில் அச்சாவதில்லை. அதையெல்லாம் டாக்டர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தன் உறுப்பைப் பார்க்கவே விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். சிலருக்குப் பயம் தெளியும், சிலருக்குக் கூடும். "பார்க்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காட்டுவதுதான் மரியாதை. பிள்ளைகளிடமும் அப்படித்தான்.

வாசகர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஃபிலிமில் இருப்பது பொறுக்கி எடுத்த சில துண்டுகள். முழுப் பதிவும் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோதான் இருக்கும். மாதிரி செய்வதானாலும், வேறு சர்ஜனிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதானாலும் அந்த முழுப் பதிவு வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் உரிய ஒருவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள், கேட்ட தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.