தாமதிப்பது நாவா, சிந்தனையா?

எங்கள் தென்னேரி ஏரியில் மதகு திறந்துவிட்டால் கால்வாயில் தண்ணீர் ஓடும். கரை உறுதியாக இருந்தால் கடைமடை வயலுக்கும் அது நேரத்தில் போய்ச் சேரும். கரையில் ஆங்காங்கே கசிவு இருந்தால்? தாமதமாகச் சேரும், சில வயல்களுக்குச் சேராமலே போகும். ஏரியிலோ தண்ணீருக்குக் குறைவில்லை.

மூளையிலும் இப்படி நேர்வதுண்டு. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை இருக்கிறது. மின்கம்பியின் மேலுள்ள ரப்பர் உறையை இதற்கு உவமை சொல்வார்கள். அது பாதிதான் சரி. மயலின் உறையில் ஏறத்தாழ மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு இடைவெளிகள் உண்டு. மின்துடிப்பு அங்கேதான் புத்துயிர் பெற்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்கிறது. உறையில்லாத மெல்லிய இழையில் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊரும் துடிப்பு, உறையுள்ள தடித்த இழையில் நூறு மீட்டருக்கு மேலும் பாயும்.

உடலின் நோய்த் தடுப்பு அணுக்களே இவ்வுறையைச் சிதைப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உறை போன இடத்தில் மின்னோட்டம் கசிய, அடுத்த இடைவெளியை எட்டுமுன் துடிப்பு நலிந்துவிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றுள்ள இந்நோயைத் தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்கிறார்கள். பெயர் எனக்கு உவப்பாயில்லை; தண்டுவடத்தோடு மூளையையும் அது தாக்குகிறதே!

பாரிஸ் மருத்துவர் ஷார்க்கோ 1868-ல் இந்நோயை விளக்கியபோது, நோயாளிகள் அசையசையாக நிறுத்திப் பேசுவதைக் குறித்தார். ஞாபகம் தளர்வதையும் கருத்துகள் மெல்ல உருவாவதையும் அவரே கண்டார். பின்வந்தவர்கள் நெடுங்காலம் முன்னதைப் பிடித்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டார்கள். உண்மையில் ஏறக்குறையப் பாதி நோயாளிகளிடம் சிந்தனைத் திறனில் ஏதேனும் குறை காணப்படுகிறது, பெரும்பாலும் வேகத்தில்.

சொல்லைத் தேடியெடுப்பது பெருமூளை. நாக்கு, உதடு, குரல்வளை, மூச்சு யாவும் தாளம் தப்பாமல் இயங்கச் சிறுமூளை உதவுகிறது. எல்லாவற்றையும் இணைப்பவை மயலின் உறையிட்ட இழைகளே. அப்படியானால் பேச்சு மெதுவாகும்போது கசிவு எங்கே?

'ப-த-க' என்று வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். இதில் நாவுக்கே வேலை. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடியும் என்பதில் தேடும் வேலையும் சேர்கிறது. குறிகளுக்கு உரிய எண்களை 90 வினாடி நேரம் சொல்லும் சோதனை சிந்தனை வேகத்தை அளப்பது. ஆனால் விடையை வாயால் சொன்னால் நாவின் மந்தமும் மதிப்பெண்ணைக் குறைக்கும். எழுதச் சொன்னாலோ கைநடுக்கம்! பேச்சு வேகமும் சிந்தனை வேகமும் சேர்ந்து குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன, எல்லோரிடமும் அல்ல. நாக்குழறுபவரின் அறிவு முழுக் கூர்மையோடிருக்கலாம். தெளிவாகப் பேசுபவர் வீட்டுக் கணக்கில் திணறலாம்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வரும் நோய் இது. 'புத்தி மழுங்கிவிட்டது' என்று வீட்டார் அவசரப்பட்டு முடிவு கட்டினால், குடும்ப விஷயங்களில் அந்தப் பெண்ணிடம் கேட்பதே நின்றுவிடும். எங்கள் பக்கம் போலத் தறியோசை ஓயாத வீட்டில், இருவர் ஒரே சமயத்தில் கேள்வி கேட்டால் பதில் வராதுதான். தறி நின்ற பிறகு ஒருவர் மட்டும் கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. உடல் வெப்பம் அரை டிகிரி உயர்ந்தாலே உறையிழந்த இழையில் துடிப்பு தடைப்படலாம். சித்திரை நண்பகலில் குழறிய பேச்சு, உடல் குளிர்ந்ததும் தெளியக்கூடும். திடீரென்று புதிதாக வரும் குழறலை மட்டும் வெயிலின்மேல் போடாதீர்கள். அது பக்கவாதமாகவும் இருக்கலாம் என்பதால், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.