சக்கரத்துக்கும் உரிமை கோரினார் ஒருவர்!

புதியதொரு பொருளைக் கண்டுபிடித்தவர், பிறர் அதனைப் பார்த்துச் செய்து விற்காதவாறு குறித்த காலம்வரை தடுக்கலாம். 'பேற்றன்ற்' எனப்படும் இந்த ஆக்கவுரிமை பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் செல்லுபடியாகும். அதற்கு ஈடாக, அவர் தமது கண்டுபிடிப்பின் நுட்பம் முழுவதையும் எழுத்தில் வெளியிட வேண்டும். ஏற்பாடு நேர்த்தியானதே. ஆயினும் அதன் வாசலில் வந்து நின்றோரின் கதைகள் நகைப்புக்குரியவை.

2001ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா, முன்பரிசோதனையின்றி வழங்கும் ஒருவகை ஆக்கவுரிமையை அறிமுகப்படுத்தியது. அதிலுள்ள ஓட்டையை உலகுக்குக் காட்ட எண்ணினார் மெல்பேர்ண் சட்டத்தரணி ஒருவர். 'வட்டவடிவப் போக்குவரத்து வசதிச் சாதனம்' என்று எழுதி விண்ணப்பித்தார்; உரிமையும் கிடைத்தது. அச்சாதனம் வேறெதுவுமன்று, சக்கரமேதான்!

அமெரிக்கா மட்டும் சளைத்ததா? லேசர் ஒளிப்புள்ளியை அங்குமிங்கும் ஓடவிட்டுப் பூனைக்கு உடற்பயிற்சி அளிக்கும் முறைக்கு 1995இல் அங்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. ஊஞ்சலில் பக்கவாட்டாக ஆடும் முறைக்கு 2002இல் உரிமை பெற்றவன் ஒரு சிறுவன். தகப்பனார் ஆக்கவுரிமைச் சட்டத்தரணி என்றால் வியப்பென்ன? மறுபரிசீலனையில் அந்த ஊஞ்சற் கயிறு அறுந்துபோயிற்று.

விண்ணப்பங்களைப் பரிசீலித்தவர்களுள் மேதையும் இருந்தார். அல்பேர்ட் ஐன்ஸ்ரைன் 1902 முதல் 1909 வரை சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகர ஆக்கவுரிமை அலுவலகத்தில் பணியாற்றினார். பிறருடைய கண்டுபிடிப்புகளை எடைபோட்ட அவரே பின்னாளில் விண்ணப்பதாரரானார். லியோ சிலார்ட்டுடன் சேர்ந்து உருவாக்கிய குளிர்சாதனப் பெட்டிக்கு 1930இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். 1933இல் ஜேர்மனியில் நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் இருவருமே நாடிழந்தனர் என்பதை நம்மவர் நினைவிற் கொள்ளலாம்.

சட்டத்தரணிகளின் மொழிநடை தனிச்சுவை உடையது. ஒவ்வொரு உரிமைக் கோரிக்கையும் எத்துணை நீளமாயினும் ஒரே வாக்கியமாக அமைய வேண்டும். 'இருமுனையும் திறந்ததும், ஒரு முனையில் துளைத்தட்டுப் பொருத்தப்பட்டதும், நீராவியை உட்செலுத்தி மாவை அவிக்கவல்லதுமான உருளை வடிவச் சாதனம்' என்று அவர்கள் எழுதக்கூடும். நாம் அதனைப் புட்டுக்குழல் என்போம்.

சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாத இடமும் உண்டு. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றது. முழங்காலில் அடிபட்ட பிள்ளைக்கு மஞ்சள் பூசாத அப்பாச்சி நம்மிடையே உண்டா? ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் வாய்மொழியாக வழங்கிவந்த அறிவு கணக்கில் எடுக்கப்படவில்லை. ஏட்டில் இருக்க வேண்டும். இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய சமஸ்கிருத நூல்களையும் 1953இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையொன்றையும் முன்வைத்து வாதாடியது. 1997இல் உரிமை இரத்துச் செய்யப்பட்டது. அதன்பின் இந்தியா தனது மரபுவழி மருத்துவ அறிவைத் தொகுக்கத் தொடங்கியது. நமது சித்த மருத்துவ நூல்களும் அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

இதிலிருந்து புலம்பெயர்ந்த நாம் பெறும் பாடங்கள் இரண்டு. உங்கள் பிள்ளை புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், விண்ணப்பிக்குமுன் ஊரைக் கூட்டிக் காட்டாதீர்கள். முன்கூட்டியே வெளிப்படுத்தப்பட்ட பொருள் ஐரோப்பிய நாடுகளில் புதுமையை இழந்துவிடும். மற்றையது, வீட்டிலுள்ள மூத்தோரின் கைமருந்துகளையும் கைவேலை நுட்பங்களையும் அவர்கள் சொல்லச்சொல்ல இன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவற்றை யாரேனும் உரிமை கோருவாரோ மாட்டாரோ, எழுதாவிட்டால் நம் பேரப்பிள்ளைகளுக்கே அவை கிட்டாமற் போய்விடும்.