பங்கு முதலீடும் ஊக வணிகமும்

பங்கு முதலீடு என்பது ஒரு நிறுவனத்தின் இலாபத்தில் நெடுங்காலம் பங்குபெறும் நோக்குடன் அதன் பங்குகளை வாங்கி வைத்திருப்பதாகும். குறுகிய காலத்தில் விலை ஏறும் அல்லது இறங்கும் என்று கணித்து ஆதாயம் தேடுவது ஊக வணிகம் எனப்படும். இரண்டும் ஒரே சந்தையில், ஒரே தரகர் வழியாக நடப்பதால் பலர் இவற்றை ஒன்றெனக் கருதுகின்றனர். தக்க ஆய்வு, முதலுக்குப் பாதுகாப்பு, போதுமான வருவாய் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது முதலீடு என்று பெஞ்சமின் கிரகாம், டேவிட் டாட் இருவரும் 1934இல் வெளியிட்ட நூலில் வரையறுத்தனர்.

வேறுபாடு

பங்கின் வருவாய்க்கு அடிப்படை நிறுவனத்தின் தொழில். தொழில் வளர்ந்தால் பங்குதாரர்கள் அனைவரும் ஒருங்கே பயனடைய முடியும். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில் ஒருவர் பெறுவது மற்றொருவர் இழப்பதே. தரகும் வரியும் கழிந்தபின், பங்கேற்போருக்கு ஒட்டுமொத்தமாக இழப்பே எஞ்சும்.

இந்திய அனுபவம்

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளை ஆராய்ந்து, செபி 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி, இவ்வகை ஒப்பந்தங்களில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93% பேர் இழப்படைந்தனர். செலவுகள் உட்பட அவர்களின் சராசரி இழப்பு ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். செலவு போக 1 இலட்சம் ரூபாய்க்கு மேல் இலாபம் கண்டவர்கள் 1% மட்டுமே. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் இழந்தவர்களிலும் 75%க்கும் மேற்பட்டோர் இவ்வணிகத்தைக் கைவிடவில்லை.

இழப்பின் கணக்கு

1 இலட்சம் ரூபாயில் 10% இழந்தவர் பழைய நிலையை எட்ட, மீதத் தொகை சுமார் 11% வளர்ந்தால் போதும். 50% இழந்தவருக்கோ, மீதமுள்ள 50,000 ரூபாய் இரட்டிப்பாக வேண்டும். விட்டதைப் பிடிக்க மேலும் பெரிய தொகையை இறக்குவது இதனால்தான் ஆபத்தாகிறது. பல துறைப் பங்குகளில் பணத்தைப் பிரித்துப் போடுதல், குறியீட்டு நிதிகளில் மாதந்தோறும் சிறுதொகை செலுத்துதல், கடன் வாங்கி முதலீடு செய்யாதிருத்தல் ஆகியவை பெரிய இழப்பின் வாய்ப்பைக் குறைக்கும் வழிகள்.

வரம்புகள்

நிதானமான முதலீடும் இடரற்றதன்று. 2008 சனவரியில் 21,000 புள்ளிகளைக் கடந்த சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000 புள்ளிகளுக்குக் கீழ் இறங்கியது. மீண்டும் 21,000 புள்ளிகளை எட்டியது 2010 நவம்பரில்தான். காத்திருக்க முடிந்தவர்கள் மீண்டனர். இடையில் பணம் தேவைப்பட்டு விற்றவர்கள் இழந்தனர். எனவே சில ஆண்டுகளுக்குள் தேவைப்படும் கல்விச் செலவு, மருத்துவச் செலவு போன்றவற்றுக்கான பணத்தைப் பங்குகளில் வைப்பது பொருத்தமற்றது.